கல்லாப்பெட்டி அருகே ஒரு லேப்டாப்: அதன் பேட்டரியைக் காப்பது எப்படி?



2023 டிசம்பர் 4-ஆம் தேதியை நமது தென்சென்னைப் புறநகர் வணிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, மேடவாக்கம் பக்கமெல்லாம் தெருவில் தண்ணீர் நின்றது. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மொத்தக் கடையில் அரிசி, பருப்பு மூட்டைகளை இரவோடு இரவாக மேலே ஏற்றிவிட்டோம். தரையில் இருந்த இன்வெர்ட்டரைக் கழற்றி வைத்தோம். கணக்கெல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது, அதில் முழு சார்ஜ் இருக்கிறது, பயமில்லை என்று இருந்துவிட்டோம்.

மறுநாள் லேப்டாப்பைத் திறந்தோம். 100 சதம் சார்ஜ் என்று காட்டியது. ஒன்பதாவது நிமிடம் அணைந்துவிட்டது.

முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த சில்லறைக் கடைக்காரர்கள், "அண்ணாச்சி, நம்ம பற்று எவ்வளவு நிக்குது? ரெண்டு மூட்டை அரிசி குடுங்க, எங்க தெருவுல ஜனங்க கேக்குறாங்க" என்று நின்றார்கள். யார் பற்று எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஞாபகத்தை வைத்துப் பேசினோம். அதில் ஒருவர் எங்களிடம் இருபது வருடமாகச் சரக்கு எடுப்பவர். கார்த்திகை முதல் வாரத்திலேயே பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனவர். அவரிடம் போய், "பழைய பாக்கி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் கையில் இருந்த பணத்தைக் கொடுத்து, சரக்கை எடுத்துக்கொண்டு போனார். கரண்ட் வந்து கணக்கைப் பார்த்த பிறகுதான் எங்கள் தவறு புரிந்தது. வீடு தேடிப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பணத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் மனத்தாங்கல் ஆற நாளாயிற்று.

ஒரு பேட்டரி ஒன்பது நிமிடத்தில் அணைந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. ஏன் அப்படி ஆனது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அது நம் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

நமது பழக்கமே பகையானது

நம் கடையில் இரண்டு விதமான பேட்டரிகள் உள்ளன. எலெக்ட்ரானிக் தராசிலும் இன்வெர்ட்டரிலும் இருப்பது ஈய பேட்டரி. இதை எப்போதும் முழு சார்ஜில் வைக்க வேண்டும். சார்ஜ் இறங்கியபடியே பல நாள் போட்டு வைத்தால் உள்ளே உப்பு படிந்து கெட்டுப்போகும். இது நமக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

லேப்டாப்பிலும் செல்போனிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதைக் கண்டுபிடித்து வளர்த்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இதன் குணம் ஈய பேட்டரிக்கு நேர் எதிரானது. முழு சார்ஜில் நிறுத்தி வைத்தால்தான் சீக்கிரம் கிழடாகும். சூடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கினால் அடி மூட்டைக்கு என்ன கதி என்பது நமக்குத் தெரியும். முழு சார்ஜில் இருக்கும் லித்தியம் பேட்டரியின் நிலையும் அதுதான். இந்தத் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கைப் பாருங்கள். 40 டிகிரி சூட்டில் முழு சார்ஜோடு ஓராண்டு வைத்த பேட்டரியில் சுமார் 65 சதம் கொள்ளளவுதான் மிஞ்சும். அதே சூட்டில் 40 சதம் சார்ஜோடு வைத்ததில் சுமார் 85 சதம் மிஞ்சும். நம்மூர்க் கோடையில், தகரக் கூரைக்குக் கீழே, கல்லாப்பெட்டி பக்கத்தில், காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை ஒயர் மாட்டியபடியே இருக்கும் லேப்டாப்பின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எங்கள் லேப்டாப் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது. தராசுக்குச் சரியான பழக்கத்தை லேப்டாப்புக்கும் வைத்ததுதான் எங்கள் பிழை.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

கடையில் பில் போடும் சாஃப்ட்வேர், ஜி.எஸ்.டி. கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் நமக்குத் தெரியும். இவை சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையன்கள் மாதிரி. இவர்களுக்கு முன்பே வந்து பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் இருப்பார் அல்லவா? லேப்டாப்புக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் ஃபர்ம்வேர். அதில் முக்கியமான பகுதியை பயாஸ் என்பார்கள். பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது, எப்போது நிறுத்துவது, மின்விசிறியை எப்போது சுற்றவிடுவது, மூடி வைத்திருக்கும்போது எவ்வளவு கரண்ட் செலவாவது என்பதெல்லாம் பெரும்பாலும் இவர் கையில்தான் இருக்கிறது.

லேப்டாப் விற்ற பிறகும் கம்பெனிக்காரர்கள் இந்தக் கணக்கப்பிள்ளைக்குப் புதிய உத்தரவுகள் அனுப்புகிறார்கள். அதற்குப் பெயர்தான் ஃபர்ம்வேர் அப்டேட். ஆப்பிள் நிறுவனம் 2020 மே மாதம் தனது லேப்டாப்புகளுக்கு வெளியிட்ட ஒரு அப்டேட்டில், பேட்டரி முழு சார்ஜிலேயே கிடக்காமல் பார்த்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. டெல் லேப்டாப்பின் பயாஸில், பெரும்பாலும் ஒயர் மாட்டியே பயன்படுத்துவோருக்கு என்று தனி அமைப்பு உண்டு. எச்.பி.யின் வணிக மாடல்களில் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' என்று இருக்கும். லெனோவாவில் 'கன்சர்வேஷன் மோட்'. ஏசஸ் லேப்டாப்பில் 60 சதம், 80 சதம், 100 சதம் என்று மூன்று அளவு கொடுத்திருக்கிறார்கள். ஏசரில் 80 சதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. மாடலுக்கு மாடல் இது மாறும்.

எங்களுடைய லேப்டாப்பில் இந்த வசதி முதலில் இல்லை. மெக்கானிக் புதிய பேட்டரி போட்டு, பயாஸையும் அப்டேட் செய்தபோதுதான், 80 சதத்தோடு நிறுத்தும் அமைப்பு அதில் தோன்றியது. அந்த அப்டேட் வெளியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்ததாம். இலவசமாகவே கிடைத்திருக்கும். நாங்கள்தான் கேட்கவில்லை.

எது முடியும், எது முடியாது

ஃபர்ம்வேர் அப்டேட் நல்ல பேட்டரியின் ஆயுளை நீட்டும். மூடி வைத்தாலும் சார்ஜ் இறங்கும் கோளாறை சில சமயம் சரிசெய்யும். ஆனால் செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்காது. வண்டு குடைந்த பயறு, மருந்து வைத்ததால் மறுபடி முழுப் பயறு ஆகிவிடுமா?

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு வழி உண்டு. விண்டோஸ் லேப்டாப்பில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும், இன்றைய கொள்ளளவும் இருக்கும். தயாரித்தபோது 50,000, இன்று 40,000 என்றால் 80 சதம், நல்ல நிலைதான். இன்று 20,000 என்றால் 40 சதம்தான். அப்டேட்டை நம்பாமல் பேட்டரியை மாற்றுவதே மேல். திரையில் '100 சதம்' என்று காட்டுவது மிஞ்சியிருக்கும் கொள்ளளவில் நூறு சதம். படி சுருங்கிப்போன பிறகும் 'படி நிறைய இருக்கிறது' என்று சொல்வது மாதிரி. நாங்கள் ஏமாந்தது இதில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்டேட் என்று வருவதெல்லாம் நாம் நினைப்பதை மட்டும் செய்யும் என்று எண்ண வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஒரு அப்டேட், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் விளக்கம் சொன்னார்கள். வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லாமல் செய்ததற்காக பிரான்ஸ் அரசுத் துறை 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. எச்.பி. நிறுவனம் 2018 ஜனவரியில் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்துள்ள பேட்டரிகளைத் திரும்ப வாங்கியபோது, மாற்றும் வரை அந்தப் பேட்டரி வேலை செய்யாமல் நிறுத்தி வைக்க பயாஸ் அப்டேட்டைத்தான் அனுப்பியது. ஆகவே அப்டேட் எதற்காக வந்திருக்கிறது என்று அதனுடன் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

1. கணக்கு முழுவதையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். முதல் வேலை இதுதான்.

2. விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு இருக்கும். பயாஸ் அப்டேட் ஆனதும் சில சமயம் அது 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் உங்கள் கணக்கு உங்களுக்கே திறக்காது. எண்ணை முன்கூட்டியே எழுதி, லேப்டாப் பைக்குள் போடாமல் பீரோவில் வையுங்கள்.

3. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது, லேப்டாப்பை அணைக்கவும் கூடாது. பாதியில் நின்றால் லேப்டாப்பே எழுந்திருக்காமல் போகலாம். மழை நாளிலும், கரண்ட் வந்து வந்து போகும் நாளிலும் வேண்டாம். பேட்டரியிலும் சார்ஜ் இருக்க வேண்டும், ஒயரும் மாட்டியிருக்க வேண்டும். வியாபாரம் முடிந்த இரவு நேரமே ஏற்றது.

4. தயாரித்த கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்திலிருந்தோ, விண்டோஸ் அப்டேட் வழியாகவோ மட்டும் எடுங்கள். உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணை ஒப்பிடுங்கள்.

5. "உங்கள் லேப்டாப்பில் கோளாறு, அப்டேட் செய்து தருகிறோம்" என்று போனில் யார் அழைத்தாலும் நம்ப வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

6. மிகப் பழைய லேப்டாப்புகளுக்கு, 2011-இல் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்து இப்போது அப்பா கடையில் பில் போடும் லேப்டாப் உள்பட, புதிய அப்டேட் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் கையாலேயே செய்யலாம். சார்ஜ் 80-ஐத் தாண்டும்போது ஒயரைக் கழற்றி, 30-க்கு இறங்கும்போது மாட்டினால் போதும்.

புயல் எச்சரிக்கை வந்தால்

80 சதத்தில் நிறுத்தினால் ஒரு சார்ஜில் கிடைக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வருடம் முழுவதும் அது நமக்கு நஷ்டமில்லை, ஒயர்தான் மாட்டியிருக்கிறதே. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானிலை மையம் கன மழை எச்சரிக்கை விடுத்தால், அன்று இரவு மட்டும் அமைப்பை மாற்றி 100 சதம் ஏற்றிக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்ததும் பழையபடி 80-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூடப் பயன்படுத்த வேண்டாம், குத்தவும் வேண்டாம். குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும் பொருள் அது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பை மேடு பல நாள் எரிந்தபோது பள்ளிக்கரணைவாசிகள் அனுபவித்த புகை நமக்கு நினைவிருக்கும். அதே ஆண்டுதான் நமது சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கு வைத்து மத்திய அரசு விதி கொண்டுவந்ததும் 2022-இல்தான். எனவே புதிய பேட்டரி வாங்கும் இடத்திலேயே பழையதைக் கொடுங்கள். வாங்க மறுத்தால் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள்.

இப்போது எங்கள் லேப்டாப் ஒயர் இல்லாமல் இரண்டரை மணி நேரம் நிற்கிறது. இருந்தாலும் சனிக்கிழமை தோறும் பற்று வரவு பட்டியலைக் காகிதத்தில் எடுத்துக் கல்லாப்பெட்டியில் வைத்துவிடுகிறோம். அன்று மனம் புண்பட்டுப் போன அந்த வாடிக்கையாளர் இன்றும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார். பில் போட்டதும், "அண்ணாச்சி, சார்ஜ் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

வருகிற மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உங்கள் கடை லேப்டாப்பின் ஒயரைக் கழற்றிவிட்டு எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். மற்றதை அதன்பின் முடிவு செய்யலாம்.