திரையின் அமைதியும் மாணவனின் முயற்சியும்

தமிழ் கற்பிக்கும் எமக்குக் கணினியோடு யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவக்கூடும். மாணவன் ஒருவனிடத்து யாம் இழைத்த பிழையே இதனை ஆராயுமாறு எம்மைத் தூண்டிற்று.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. கணினி கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அமைத்துத் தந்த இணையப் பக்கத்தில் யாம் பாடங்களை இட்டுவந்தோம். மாணாக்கர் எவ்வளவு நேரம் முயன்றனர், எவ்வளவு நேரம் வாளாவிருந்தனர் என்பதை அப்பக்கமே கணக்கிட்டுக் காட்டும். ஹந்தானைத் தோட்டத்து மாணவன் ஒருவனின் பெயருக்கெதிரே நாள்தோறும் ‘செயலின்றி இருந்தார்’ என்றே காணப்பட்டது. தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டோம். ஓகஸ்டில் பாடசாலை திறந்தபோது அவன் தன் கொப்பியைக் கொணர்ந்து நீட்டினான். பாடம் முழுவதும், எடுத்துக்காட்டுகளுட்பட, கையால் எழுதப்பட்டிருந்தது. வீட்டிற் பிள்ளைகள் மூவருக்கும் ஒரே கைத்தொலைபேசி. ஆதலின் தன் முறை வந்தபோதே அனைத்தையும் பார்த்தெழுதிக்கொண்டானாம்.

பக்கம் ஏன் அவனைக் காணவில்லை? விரல் திரையைத் தீண்டினும், விசை அழுத்தப்படினும், பக்கம் நகர்த்தப்படினும், உலாவி அதனை ஒரு ‘நிகழ்வு’ எனக் கொண்டு நிரலுக்கு அறிவிக்கின்றது. அந்நிரல் 1995 இல் பிரெண்டன் ஐக் என்பார் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அமைவது. ஒரு சொல்லைத் தொட்டால், அந்நிகழ்வு அச்சொல்லிலிருந்து பந்திக்கும், பந்தியிலிருந்து பக்கம் முழுவதற்கும் நீர்க்குமிழிபோல் மேலெழும். ஆகவே பக்கத்தின் உச்சியில் ஒரு செவியை வைத்தால் பெரும்பாலானவை கேட்கும். வினாப்பெட்டி ஒன்றில் மட்டும் செவியை வைத்தாலோ, அருகிலுள்ள பந்தியைப் படிப்பவனும் செயலற்றவனாகவே எண்ணப்படுவான்.

செயலின்மையை அறிவதுதான் அரிது. தமிழில் ‘வாரான்’ என்பதும் வினைமுற்றே. செய்யாமைக்கும் நம் மொழியில் வினைவடிவம் உண்டு. பக்கத்தின் உறுப்புகளுக்கோ அத்தகைய எதிர்மறை நிகழ்வு இல்லை. ஆதலின் நிரல் ஒரு கடிகாரத்தை ஓடவிடுகின்றது. ஒவ்வொரு நிகழ்வும் அதனைப் பூச்சியத்துக்குத் திருப்பும். குறித்த எல்லை கடந்தால் ‘செயலின்றி இருந்தார்’ எனப் பதியப்படும். எம் பக்கத்தில் அவ்வெல்லை 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒரு பந்தியைப் பார்த்தெழுதி முடிப்பார் எவர்?

பக்கம் வேறொன்றால் மறைக்கப்பட்டதா, குறித்த பகுதி பார்வைக்குள் வந்ததா என்பவற்றையும் உலாவி உணர்த்தவல்லது. எனினும் கண் எங்கே நோக்கிற்று என்பதை இவை கூறா. ‘சூம்’ என்னும் செயலியிலும், பகிரப்பட்ட திரையைப் பாராது 30 வினாடிக்கு மேல் வேறு பக்கஞ் சென்றவரைக் காட்டிக்கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அந்நிறுவனமே அதனை நீக்கிவிட்டது.

அம்மாணவனிடம் வகுப்பறையிலேயே வருத்தம் தெரிவித்தோம். ஒக்ரோபரிற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது, எம் வேண்டுகோளின்படி இளம் ஆசிரியர் எல்லையை 10 நிமிடமாக உயர்த்தி, ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்றொரு பொத்தானையும் சேர்த்தார். அதனை அழுத்தினாற் கடிகாரம் மீண்டும் பூச்சியத்திலிருந்து ஓடும். அவ்வாண்டு அதனை மிகுதியாக அழுத்தியவன் ஹந்தானை மாணவனே.