நாவும் நான்காம் வேற்றுமையும்: ஸ்பானிய மொழியின் சுவைச் சொற்கள்

வேற்று மொழியொன்றைக் கற்கப் புகுவோர்க்கு முதலில் வேண்டுவன எண்ணுப்பெயர்களும் வணக்கச் சொற்களும் என்பர் பாடநூலாசிரியர். பிறர் வீட்டு விருந்தில் அமர்ந்தவரைக் கேட்டாலோ, உணவைப் பற்றிய சொற்களே என்பார். ‘பிடிக்கும்’, ‘பிடிக்காது’, ‘உப்புக் குறைவு’, ‘காரம் மிகுதி’, ‘போதும்’ என்னும் ஐந்தையும் சொல்லத் தெரிந்தவர் எந்நாட்டிலும் ஓரளவு பிழைத்துக்கொள்வார். ஸ்பெயின் தொடங்கி மெக்சிகோ, பெரு, சிலி ஈறாக 20 நாடுகளில் வழங்கும் ஸ்பானிய மொழியில் இச்சொற்கள் அமைந்துள்ள முறையையும், தமிழ் வழியே அவற்றைக் கற்பது எத்துணை எளிது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இதனை எழுத ஒரு காரணம் உண்டு. தமிழ் வழியிற் பயின்று கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர், வேலைவாய்ப்பைக் கருதி ஸ்பானியம் கற்க நகரத்து மாலை வகுப்பொன்றிற் சேர்ந்தார். மூன்றே வாரத்தில் நின்றுவிட்டார். “ஆங்கிலமே சரியாக வராதவனுக்கு ஸ்பானியம் எப்படி வரும் என்று கேட்டுவிட்டார்கள், ஐயா” என்றார். சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை. யான் அம்மொழியிற் புலமை பெற்றவன் அல்லன்; சில ஆண்டுகளாக நூல்களின் துணைகொண்டு ஓய்வு நேரத்திற் கற்றுவருபவன். எனினும் அவருடைய பயிற்சி ஏட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்த முதற் பிழை, ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்னும் பொருளில் அவர் எழுதிய ‘யோ குஸ்தோ கஃபே’ என்னும் தொடர்.

‘யோ’ என்றால் ‘நான்’. ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாய், காப்பி செயப்படுபொருள். அந்த அச்சில் ஸ்பானியச் சொற்களை வார்த்திருக்கிறார் மாணவர். ஸ்பானியர் கூறுவதோ ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பது. இதில் ‘மே’ என்பது ‘எனக்கு’. ‘குஸ்தா’ என்பது ‘பிடிக்கும்’. ‘எல்’ என்பது பெயர்க்கு முன் நிற்கும் ஒரு சுட்டு. அதாவது, ‘எனக்குப் பிடிக்கும் காப்பி’. தமிழன் வீட்டில் நாள்தோறும் பேசும் தொடர் இது. சுவைப்பவன் எழுவாயாக நில்லாமல், ‘கு’ உருபேற்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். தொல்காப்பியம் முதலாக நாம் கற்றுவரும் அவ்வுருபே இங்கு வழிகாட்டுகிறது. பிழை அம்மாணவருடையது அன்று. தமிழிலிருந்து நேரே செல்ல வேண்டியவரை ஆங்கிலத்தின் வழியே சுற்றி வரச் செய்த முறையினுடையது.

முன்னிலையிலும் இவ்வாறே. ‘தே குஸ்தா?’ எனின் ‘உனக்குப் பிடிக்குமா?’, ‘லே குஸ்தா?’ எனின் ‘உங்களுக்குப் பிடிக்குமா?’. பெரியோரையும் புதியோரையும் ‘உஸ்தெத்’ என மதிப்புடன் விளிப்பது ஸ்பானிய மரபு. நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை அறிந்த நமக்கு இதனை விளக்கவே வேண்டுவதில்லை. மிகவும் பிடித்துவிட்டால் ‘மே என்காந்தா’ என்பர். ‘என்னை மயக்குகிறது’ என்பது அதன் வேர்ப்பொருள்.

ஆயின் ஒற்றுமை முற்றும் பொருந்துவது என எண்ணிவிடலாகாது. தமிழில் பழம் ஒன்றாயினும் பலவாயினும் ‘பிடிக்கும்’ என்பது மாறாது. ‘எனக்கு அந்தப் பழத்தைப் பிடிக்கும்’ என ‘ஐ’ உருபும் ஏற்கும். ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய். எனவே பொருள் பலவாயின் வினையும் பன்மையாகி, ‘மே குஸ்தான்’ என வரும். ‘குஸ்தான்’ என்பதன் ஈற்றில் உள்ள ‘ன்’ நம்முடைய ஆண்பால் விகுதி அன்று, பன்மை விகுதி என்பதை மாணவர் நினைவிற் கொள்க. மற்றொன்றையும் நினைவிற் கொள்க: இவ்வினையை ஓர் ஆளின்மேல் ஏற்றிச் சொன்னால் அது பெரும்பாலும் காதற்குறிப்பாகவே கொள்ளப்படும். உணவளவில் நிறுத்திக்கொள்வது நலம்.

இனிச் சுவைகளின் பெயர்கள். இனிப்பு ‘துல்ஸே’, உப்புச் சுவையுடையது ‘சலாதோ’, புளிப்பு ‘அக்ரியோ’, கைப்பு ‘அமார்கோ’, காரம் ‘பிக்காந்தே’. நாம் அறுசுவையுள் ஒன்றாக எண்ணும் துவர்ப்பிற்கு அன்றாடப் பேச்சில் இவைபோல் நிலைத்த தனிப்பெயர் இல்லை. பழுக்காத பழத்தின் துவர்ப்பைச் சொரசொரப்பைக் குறிக்கும் ‘ஆஸ்பெரோ’ என்னும் சொல்லால் உணர்த்துவர். உப்போ உறைப்போ இன்றிச் சப்பென்றிருப்பதற்கு ‘ஸோஸோ’ என்று ஒரு சொல் உண்டு. ஒலியே பொருளை உணர்த்துவது போல் எனக்குத் தோன்றும்.

‘பிக்காந்தே’ என்பது ‘பிக்கார்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கொசு கடிப்பதும், முள் குத்துவதும், உடல் அரிப்பதும் ‘பிக்கார்’ எனப்படும். மிளகாய் நாவில் உறைப்பதும் அதுவே. ஆங்கிலத்தில் காரத்திற்கும் சூட்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால் அவ்வழிக் கற்போர் இங்கே இடறுவர். ஸ்பானியத்தில் சூடு ‘கலியெந்தே’, காரம் ‘பிக்காந்தே’. தமிழிலும் இவை இரண்டே.

‘இருத்தல்’ என்னும் பொருளில் ஸ்பானியத்தில் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என இரு வினைகள் உள. கற்போரைக் கலங்கச் செய்யும் இடம் இது. ‘எல் மாங்கோ எஸ் துல்ஸே’ என்றால், மாம்பழம் இயல்பாகவே இனிப்பானது. ‘எஸ்தே மாங்கோ எஸ்தா துல்ஸே’ என்றால், இப்போது நான் உண்ணும் இம்மாம்பழம் இனிப்பாக இருக்கிறது. ‘இனிப்பானது’, ‘இனிப்பாக இருக்கிறது’ என்னும் நம் இரு வழக்குகளையும் எண்ணிப் பார்த்தால் வேறுபாட்டில் பெரும்பகுதி தெளிவாகும். விருந்தளித்தவரைப் பாராட்ட விரும்புவோர் ‘எஸ்தா ரிக்கோ’ என்றே கூறல் வேண்டும். ‘ரிக்கோ’ என்பதற்குச் செல்வமுடையது, சுவையுடையது என இரு பொருள் உண்டு. ‘ஸபேர்’ என்னும் வினையும் அத்தகையதே. அதற்கு அறிதல் என்றும் பொருள், சுவைத்தல் என்றும் பொருள். ‘ஸாபே ஆ லிமோன்’ என்றால் ‘எலுமிச்சைச் சுவை இருக்கிறது’ என்பதாம். சுவையைக் குறிக்கும் ‘ஸபோர்’, அறிஞரைக் குறிக்கும் ‘ஸாபியோ’ ஆகிய இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை.

சுவைப் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன் வழி வந்தவை எனின், சுவைக்கப்படும் பொருள்களின் பெயர்கள் பல அரபு வழி வந்தவை. 711 முதல் 1492 வரை ஏறத்தாழ 800 ஆண்டுகள் ஐபீரிய நிலத்தில் முஸ்லிம் ஆட்சி நிலவியதன் தடம் இன்றும் ஸ்பானியர் சமையலறையில் உள்ளது. சர்க்கரை ‘அஸூக்கார்’, அரபில் ‘அஸ்-ஸுக்கர்’. குங்குமப்பூ ‘அஸாஃப்ரான்’, அரபில் ‘அஸ்-ஸஃபரான்’. அரிசி ‘அர்ரோஸ்’, எலுமிச்சை ‘லிமோன்’, கத்தரிக்காய் ‘பெரென்ஹேனா’ ஆகியனவும் அவ்வழியினவே. அரபுச் சொற்களைத் தம் சுட்டாகிய ‘அல்’ என்பதோடு சேர்த்தே ஸ்பானியர் ஏற்றமையால்தான் பல சொற்கள் அகரத்தில் தொடங்குகின்றன. ‘நாரான்ஹா’ என்னும் ஆரஞ்சுப் பெயரும் அரபின் ‘நாரஞ்ச்’ வழி வந்ததே. பாரசீகத்திற்கும் வடமொழிக்கும் அப்பால் அதன் வேரைத் தேடும் அறிஞர் திராவிட மொழிகளையே சுட்டுவர். நார்த்தங்காயை அறிந்த நமக்கு அது வியப்பன்று.

இவற்றுள் எனக்கு மிக விருப்பமானது எண்ணெயின் கதை. ஒலிவ மரத்தை இலத்தீன் வழிப் பெயரால் ‘ஒலீவோ’ என்கிற ஸ்பானியர், அதன் காயை ‘அஸேய்த்தூனா’ என்றும், அதன் எண்ணெயை ‘அஸேய்த்தே’ என்றும் அரபு வழிப் பெயர்களால் அழைக்கின்றனர். நம் இல்லங்களில் ‘ஜைத்தூன்’ என வழங்கும் சொல் இதுவே என்பதைப் பெரியோர் உடனே உணர்வர். பின்னர் ‘அஸேய்த்தே’ என்பது எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராயிற்று; சூரியகாந்தி எண்ணெயும் அவர்க்கு ‘அஸேய்த்தே’ தான். எள்ளின் நெய்யாகிய ‘எண்ணெய்’ நம்மிடம் தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவானதும் இவ்வாறன்றோ!

மிளகாயின் கதையும் அத்தகையதே. 1492இல் மிளகைத் தரும் நாடுகளைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், கரீபியத் தீவுகளில் கண்டது மிளகாயை. மிளகிற்குரிய ‘பிமியெந்தா’ என்னும் பெயரைச் சிறிது திரித்துப் புதிய காய்க்கு ‘பிமியெந்தோ’ எனப் பெயரிட்டனர் ஸ்பானியர். பின்னர்ப் போர்ச்சுக்கீசியர் வழியே அக்காய் நம் கரையை அடைந்தபோது, நம்மவரும் மிளகோடு காயைச் சேர்த்து ‘மிளகாய்’ என்றனர். இரு நாட்டாரும் ஒருவரையொருவர் கேளாமலே செய்த செயல் இது.

அம்மாணவர் இப்போது வாரம் இரு நாள் மாலையில் துறைக்கு வருகிறார். நிகழ்காலம் முடிந்து இறந்தகாலத்தைத் தொட்டிருக்கிறோம். ஒருமுறை உண்டபோது பிடித்தது எனின் ‘மே குஸ்தோ’. சிறுவயதில் வழக்கமாகப் பிடிக்கும் எனின் ‘மே குஸ்தாபா’. இவ்விரண்டையும் எங்கு எதனைப் பெய்வது என்பதில் ஆசிரியர், மாணவர் ஆகிய எங்கள் இருவர்க்கும் இன்னும் தடுமாற்றமே. சென்ற கிழமை தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒரு மிடறு பருகிவிட்டு, “எஸ்தா அமார்கோ, ஐயா” என்றார்.