சோமாசி செய்முறையும் கெடாது வைக்கும் வகையும்

தீபாவளி, கலியாணம் முதலிய விசேஷ காலங்களில் கிராமத்து வீடுகளில் செய்யப்படும் பக்ஷணங்களுள் சோமாசியும் ஒன்றாகும். மெல்லியதாகத் தேய்த்த மாவில் பூரணம் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை ஒட்டி, பிறை வடிவாகப் பொரித்தெடுப்பதே இது. மகாராஷ்டிரர் இதனைக் கரஞ்சி என்றும், வடநாட்டார் குஜியா என்றும் வழங்குவர். பூரணத்திற்கு வேண்டிய தேங்காய், எள், நிலக்கடலை, வெல்லம் முதலியன பெரும்பாலும் குடியானவரின் சொந்த விளைபொருள்களேயாதலின் செலவு சொற்பம்.

ஆயினும், டப்பாவில் நிரப்பிய சில தினங்களுக்குள் மேலோடு நமுத்து, பூரணம் பூஞ்சணம் பிடித்து, செய்தது முழுவதும் கொட்டப்படுவதுண்டு. இந்நஷ்டத்துக்கு முக்கிய காரணம் பூரணத்திலுள்ள ஈரமே. பொரிக்கும்போது மேலோட்டிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதால் அது மொறுமொறுப்பாகின்றது. பூரணம் ஈரமாயிருப்பின், அவ்வீரம் மெல்ல மேலோட்டில் ஊறி அதனை மெத்தென்றாக்கிவிடும். ஈரமுள்ள இடத்தில் பூஞ்சணமும் எளிதில் வளரும். ஆகவே, வைத்திருந்து உண்பதற்கு உலர்ந்த பூரணமும், அன்றே உண்பதற்கு ஈரப் பூரணமும் எனப் பிரித்துக் கொள்ளுதல் அவசியம்.

மேல்மாவு

மைதா 250 கிராம், மெல்லிய ரவை 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்து, உருக்கிய நெய் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கையால் தேய்க்க வேண்டும். மாவைப் பிடித்தால் பிடியாக நிற்பதே சரியான பதம். பின்னர் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து, பூரி மாவைப்போல் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க வேண்டும். நெய் குறைந்தால் மேலோடு கடினமாகும். மிகுந்தால் எண்ணெயில் உதிரும்.

வைத்திருக்கும் இனிப்புப் பூரணம்

பொட்டுக்கடலை மாவு 100 கிராம், பொடித்த சருக்கரை 100 கிராம், துருவி வறுத்த கொப்பரை 75 கிராம், வறுத்த எள் 25 கிராம், ஏலக்காய் நான்கு ஆகியவற்றைக் கலந்து கொள்ளலாம். மேற்கூறிய மாவுக்கு இது ஏறக்குறைய 25 சோமாசிகளுக்குப் போதும். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீரேயாகும். நன்கு காய்ந்த கொப்பரையிலோ நூற்றுக்கு ஆறு பங்கு அளவே உண்டு. கொப்பரை சிறந்ததென்பதற்குக் காரணம் இதுவே. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்குமாதலின் இவ்வகைக்குச் சருக்கரையே ஏற்றது.

நிலக்கடலை சேர்ப்பதாயின் சுருங்கியவற்றையும், நிறம் மாறியவற்றையும், பூஞ்சணம் கண்டவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். 1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அதிலிருந்த அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு, வறுப்பதாலும் பொரிப்பதாலும் முற்றும் அழிவதில்லை.

அன்றே உண்ணும் பூரணங்கள்

துருவிய பச்சைத் தேங்காயை வடிகட்டிய வெல்லப்பாகில் இட்டுச் சுருளக் கிளறி, ஏலப்பொடி தூவி இறக்கினால் இனிப்புப் பூரணம் ஆகும். கார வகைக்கு, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 300 கிராமுடன் வதக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, உப்பு சேர்த்து, நீர் வற்றும்வரை வாணலியில் கிளற வேண்டும். எதுவாயினும் நன்கு ஆறிய பின்னரே மாவில் வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் ஆவியால் ஒட்டு இளகி, எண்ணெயில் வெடிக்கும். கிழங்குப் பூரணம் வைத்தவற்றைப் பொரித்த நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிடுதல் நலம்.

மடித்தலும் பொரித்தலும்

சிறு எலுமிச்சம்பழ அளவு மாவை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, நடுவில் ஒன்றரைத் தேக்கரண்டி பூரணம் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தடவி மடித்து அழுத்த வேண்டும். பின்னர் சோமாசிக் கரண்டியின் பற்சக்கரத்தால் ஓரத்தை வெட்டலாம். உள்ளே காற்று நின்றாலும், ஓரத்தில் பூரணத்தூள் ஒட்டியிருந்தாலும் வாய் பிளந்து எண்ணெய் முழுதும் பாழாகும்.

எண்ணெயில் கிள்ளிப் போட்ட மாவு அடியில் தங்கி மெல்ல மேலெழுந்தால் காய்ச்சல் சரி. உடனே எழுந்து சிவந்தால் சூடு அதிகம். மேலே நிறம் ஏறினும் ஓட்டில் ஈரம் நின்றுவிடும். மிதமான தீயில் நான்கைந்தாகப் போட்டுத் திருப்பி, சலசலப்பு அடங்கி வெளிர் பொன்னிறமானதும் எடுக்க வேண்டும். புகைந்து கறுத்த பழைய எண்ணெயை உபயோகித்தால் காறல் வாடை விரைவில் தோன்றும்.

சேமித்தல்

முற்றிலும் ஆறாத சோமாசியை மூடிவைத்தால் ஆவி நீராகி மூடியில் கோத்து, மீண்டும் சொட்டி நனைக்கும். ஆகையால் பரப்பி நன்கு ஆறவிட்டு, ஈரமற்ற, காற்றுப் புகாத டப்பாவில் இடுக. உலர்ந்த பூரணமுள்ளவை இரண்டு வாரம் வரை நன்றாயிருக்கும். ஈரக்கை படலாகாது.

மகளிர் குழுக்கள் இதனை விற்பனைக்குச் செய்வதாயின், 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டுமென்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பது நன்று. விளைபொருளைப் பக்குவமாக்கி விற்பதில் லாபமுண்டு. ஆயின் ஈரத்தைக் கவனியாதவருக்கு அந்த லாபம் டப்பாவுக்குள்ளேயே அழிந்துபோகும்.