மெட்ராஸ் மணல் லண்டனுக்குப் போனது தெரியுமா?

சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரத்தில், தீபாவளி ராத்திரி ஒரு வாண்டின் கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்துப் பாருங்கள் (பக்கத்திலேயே நின்றுகொண்டுதான்!). கையை வீசிக் காற்றில் எழுத ஆரம்பித்துவிடும். அது கையெழுத்துப் பயிற்சி என்பது தெரியுமா? மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு! ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பும் கெட்டிப்பட எட்டு ஒன்பது வயது தாண்டிவிடும். விரல் பழகுவதற்கு முன்னால் தோள்தான் பழகுகிறது. மூன்று வயசுப் பிள்ளையோடு இரட்டைக்கோடு நோட்டில் மல்லுக்கட்டாமல், முற்றத்தில் சாக்பீஸால் ஆள் உயரத்துக்கு எழுதவிடுங்கள்.

'அ'வில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் சொன்னது? சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நெட்டுக்கோடு என்று சகலமும் அந்த ஒரே எழுத்தில்! 'ட'வுக்கு இரண்டே குச்சி போதும், 'ப'வுக்கு மூன்று. தீப்பெட்டி ஊரில் குச்சிக்கா பஞ்சம்? மருந்து முக்காத குச்சியாகப் பார்த்துக் கொடுங்கள். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் விரல்கள் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும்தான் பழகின. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில்தான், ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தவர், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்போது பெரிய ஆச்சரியம்! 1789-ல் எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற பையன்களுக்கான பள்ளியை நடத்த வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாகப் போனால் ஒரு தடவு தடவினால் போதும்! தன் பள்ளியிலும் இதையே செய்யச் சொன்னார். வாத்தியார்கள் ஒத்துவரவில்லை. பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயசுப் பையனைக் கடைசி வகுப்புக்கு வாத்தியாராக்கிவிட்டார்! நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையேதான். 1797-ல் லண்டனில் அவர் இதை அச்சிட்டு வெளியிட, 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. மணலும் கூடவே போனது! ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. இங்கேயோ, விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் ஒரு எழுத்து எழுதுவதோடு சரி.

இன்னொன்று! 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் பெட்டியில் இருந்தவை எவை? உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள்! சொரசொரப்பை விரல் தடவத் தடவ, எழுத்தின் போக்கு கைக்குப் பிடிபட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

தடவுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயசுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தட்டச்சு செய்த எழுத்தையும், புள்ளிக்கோட்டின் மேல் இழுத்த எழுத்தையும் பார்த்தபோது இல்லாத விழிப்பு, தானாக எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோது வாசிப்புப் பகுதிகளில் தெரிந்ததாம்! கோணல்மாணலாக வந்தாலும் அதுவே உசத்தி.

உங்கள் பிள்ளைக்கு அதிர்ஷ்டம் என்பதும் தெரியுமா? பெரியார் 1935-லேயே கேட்ட எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் ஆணையாக்கியது. தாத்தா பாட்டி படித்த கொம்பும் துதிக்கையுமான ணா, னா, லை, னை வகையறா 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் அதோடு போயின.

சரி, எழுத்தைத் திருப்பிப் போடுகிறதா? திட்டாதீர்கள். ஆறேழு வயது வரை அது சகஜம். இங்கிலீஷில் சின்ன 'b'யைத் திருப்பினால் 'd' ஆகித் தொலையும், தமிழில் அந்தத் தொல்லை குறைவு. மூன்று குச்சி 'ப'வைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அங்கேயும் 'ப'தான்!