வெயிலில் காயும் தண்ணீர் பாட்டில்

சித்திரை மாதத்தில் தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில் பெட்டிக்கடை வாசல்களைப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் கட்டுகள் வெட்டவெயிலில் அடுக்கியிருக்கும். கையில் எடுத்தாலே சுடும். ‘நேரடி வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அந்த பாட்டிலின் லேபிளிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சீல் உடையவில்லை, தேதியும் முடியவில்லை, அப்புறம் என்ன என்று நாமும் வாங்கிக் குடிக்கிறோம்.

இந்த மாவட்டத்தில் தண்ணீரை விலைக்கு வாங்குவது ஆடம்பரம் இல்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் மூட்டில் வலியுமாகத் தலைமுறைகள் அவதிப்பட்ட ஊர்கள் இங்கே உண்டு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காவிரித் தண்ணீர் வந்த பிறகும் கேன் போடும் பழக்கம் விடவில்லை.

திறக்காத பாட்டிலுக்குள் வெயில் என்ன செய்யும்? ஒயின் விற்கிற நாடுகளில் சீல் உடையாத பாட்டிலையும் இருட்டறையில், 12, 13 டிகிரியில் வைப்பார்கள். சூடும் வெளிச்சமும் பட்டால் ருசி கெட்டுவிடும். தண்ணீரில் சிக்கல் பிளாஸ்டிக்கால் வருகிறது. பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் செய்ய ஆன்டிமனி என்ற தனிமத்தின் சேர்மம் பயன்படுகிறது. சூடு ஏற ஏற அது துளித்துளியாகத் தண்ணீரில் இறங்கும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 60 டிகிரி சூட்டில் அமெரிக்க வரம்பைத் (லிட்டருக்கு 6 மைக்ரோகிராம்) தாண்ட 176 நாள் ஆனது. 80 டிகிரியில் இரண்டரை நாள்கூட ஆகவில்லை.

ஆகவே, காரில் வைத்த தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பீதியை நான் நம்பவில்லை. ஒருநாள் வெயிலில் அவ்வளவு நடக்காது. ஆனால் தகரக் கொட்டகை குடோனில் கோடை முழுக்க வெந்து, பிறகு கடை வாசலுக்கு வரும் சரக்கு வேறு கதை. அதில் முதலில் தெரிவது பிளாஸ்டிக் வாடைதான். 20 லிட்டர் கேனில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட். சூட்டில் அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் கசியும். கீறல் விழுந்து மங்கிப்போன கேனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்புக் குறிப்பை மீறிச் சரக்கை வைத்திருந்தால் மொத்த வியாபாரியும் விநியோகஸ்தரும் பொறுப்பு. சில்லறைக் கடைக்காரர் சுகாதாரக்கேடாக வைத்திருந்தாலோ, தேதி முடிந்ததை விற்றாலோ அவர் பொறுப்பு. பலருக்குத் தெரியாதது 40-வது பிரிவு: வாங்குகிறவரே கட்டணம் கட்டிப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பொருள் தரம் தவறியது என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

2024 அக்டோபரில் இருந்து பாட்டில் தண்ணீருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இல்லை. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ பாட்டில் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவுகளின் பட்டியலில் சேர்த்தது. இனி நீங்கள் தேட வேண்டியது 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண். அது இல்லாத கேனை வாங்காதீர்கள். வெயிலில் காயவைத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ‘கூலிங் சார்ஜ்’ என்று எம்ஆர்பி-க்கு மேல் கேட்கிற கடைகளும் உண்டு; அதுவும் சட்டவிரோதம்தான்.

புகார் சொல்ல, பாட்டிலைத் திறக்காமல் வைத்து, பேட்ச் எண், தேதி, உரிம எண் தெரியப் படம் எடுங்கள். கட்டுகள் வெயிலில் கிடப்பதையும் ஒரு படம். மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. நுகர்வோர் உதவிக்கு 1915. உடம்புக்கு வந்து செலவானால், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் வேண்டியதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பில்லைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு பில்லா என்று கடைக்காரர் சிரித்தால், ஜிபே-யில் பணம் அனுப்பிய பதிவாவது கையில் இருக்கட்டும்.