நாணயத்தில் ஒரு வடு

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைத் தாளில் பொதிந்து கொண்டுவந்தான். சிங்கத் தலைகளின் குறுக்கே சில எழுத்துகள் பள்ளமாகவும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியும் பதிந்திருந்தன. “நாணயச் சாலையில் நேர்ந்த பிழையாம், சார். லட்ச ரூபாய் கிடைக்குமாம். முதலில் ஐந்நூறு ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்” என்றான்.

கட்டலாமா? நாணயத்தையே கேட்டுப் பார்த்தோம்.

நாணயச் சாலையில், வெறும் உலோக வில்லை ஒன்று இரு கடினமான எஃகு அச்சுகளுக்கு இடையே, ஒரு வளையத்துக்குள் வைக்கப்படுகிறது. பல டன் விசையில் அச்சுகள் அழுத்தும்போது உலோகம் அச்சிலுள்ள பள்ளங்களுக்குள் ஏறுகிறது. ஆக, அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாகும். அச்சில் விரிசல் விழுந்தால்? அதற்குள்ளும் உலோகம் புகுந்து, நாணயத்தில் மேடான கோடாக நிற்கும். ஆணியால் கீறிய கோடோ பள்ளம். அந்த உலோகம் எங்கே போயிற்று? ஏர் உழுத சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவதுபோல் கரைகட்டி நிற்கும். விளக்கொளி சாய்வாக விழும்படி வைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள், தெரியும்.

இடவலம் மாறிய எழுத்து நாணயச் சாலையிலும் உண்டாகலாம். அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லை அதன்மேல் அழுந்தும். அப்போது அந்தப் பக்கம் முழுவதும் மாற்றுருவமே இருக்கும். அப்பக்கத்துக்குரிய சொந்த உருவம் இராது. இவன் நாணயத்திலோ சிங்கங்கள் நசுங்கிய நிலையில் அப்படியே இருந்தன. திருப்பினால் மறுபக்க எழுத்துகளும் சப்பையாகியிருந்தன. யாரோ இன்னொரு நாணயத்தை இதன்மேல் வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள்!

ஆய்வகத் தராசிலும் நிறுத்தோம். 1992-இல் வந்த எஃகு ஒரு ரூபாயின் எடை 4.85 கிராம், விட்டம் 25 மில்லிமீட்டர். இவனுடையதும் ஏறக்குறைய அதே எடைதான். நசுக்கினால் உலோகம் இடம் மாறுமே தவிரக் குறையாது. அமிலத்தில் இட்ட நாணயம் அப்படியல்ல, எடை குறையும். மெல்லிய வில்லையில் அடித்த நாணயமும் எடை குறைந்துதான் இருக்கும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வளையத்துக்குள் அடிபட்டதால் அதன் விட்டம் சரியாக இருக்கும். அமிலம் விளிம்பையும் சேர்த்தே தின்றுவிடும்.

பையன் பணம் கட்டவில்லை. முகம் மட்டும் வாடிப்போயிற்று. பழைய நாணய வியாபாரத்துக்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

நீங்களும் சோதிக்க விரும்பினால் தண்டவாளத்துப் பக்கம் போகாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. நாணயத்தை அழிப்பது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றமும்கூட. சப்பாத்தி மாவு போதும். ஒரு நாணயத்தை அதில் அழுத்தி எடுங்கள். பிறகு, பதிந்த உருவத்தின்மேல் வேறொரு நாணயத்தை அழுத்துங்கள். முதல் உருவம் முழுவதும் மறைகிறதா என்று பாருங்கள்.