ஒரே புரோகிராம், இரண்டு மொழி!

காளமேகப் புலவர் ஒரே பாட்டில் பாம்பையும் வாழைப்பழத்தையும் பாடினார். சிலேடை! கம்ப்யூட்டரிலும் அப்படி எழுதலாம், தெரியுமா நண்பர்களே? ஒரே புரோகிராம் சி மொழியிலும் ஓடும், பைத்தானிலும் ஓடும். இதற்குப் பாலிக்ளாட் என்று பேர்.

ரகசியம் # குறியில்தான் இருக்கிறது. பைத்தானில் # போட்டு ஆரம்பிக்கிற வரி வெறும் குறிப்பு, கம்ப்யூட்டர் கண்டுக்காது. சி-யில் அது கட்டளை. '#இஃப் 0' என்று (இங்கிலீஷில்தான்) எழுதினால், '#எண்டிஃப்' வருகிற வரைக்கும் சி எல்லாத்தையும் தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில் பைத்தான் வரிகளை ஒளித்து வைக்கலாம். சி வரிகளைப் பைத்தானிடமிருந்து மறைக்க, முன்னாலும் பின்னாலும் மூன்று மேற்கோள் குறி (""") போடணும். அந்தக் குறிகளையும் சி தாண்டுகிற இடத்துக்குள்ளேயே வைக்கணும், இல்லாட்டி சி தப்பு காட்டும்.

ஆனா ஓடினா மட்டும் போதாது! 34, 35 மார்க் எடுத்தவளுக்குச் சராசரி என்ன? இரண்டு பகுதியிலும் 69/2 என்று எழுதினால் பைத்தான் 34.5 என்று சொல்லும். சி 34 என்று வெட்டிவிடும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அதற்கு விடையும் முழு எண்தான். தப்பு என்றுகூட காட்டாது. 34.5 என்றால் டீச்சர் 35 ஆக்கி பாஸ் போடுவாங்க, 34 என்றால் ஃபெயில்! 69/2.0 என்று எழுதுங்கள், ரெண்டிலும் 34.5 வரும்.